ஒதுங்கி வாழும் மதக் குழுக்கள் வெளியாளை ஏன் நம்புவதில்லை?

கேள்வி இது: அமெரிக்காவின் ஆமிஷ் கிறிஸ்தவர்கள், மேற்காசியாவின் துரூஸ், வடக்கு இராக்கின் யசீதி, ரஷ்யாவின் பழைய விசுவாசிகள் போன்ற மதக் குழுக்கள் வெளியாட்களைக் கண்டால் ஏன் விலகிப்போகின்றன? அது வெறுப்பா, பயமா? வேலை நிமித்தமாக அவர்களோடு பழக வேண்டியவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

இந்தக் குழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு வெளியாள்மேல் நாம் நினைக்கிற அளவு பயம் கிடையாது. நம் பிள்ளை நாளைக்கு வெளியாளாகிவிடுவானோ என்பதுதான் அவர்களுடைய பயம். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் வட்டாரத்தில் ஓர் ஆமிஷ் விவசாயி காலை முதல் மாலை வரை சுற்றுலாப் பயணிகளுக்குக் காய்கறி விற்பார், சிரித்துப் பேசுவார், தூரப் பயணம் என்றால் வெளியாள் ஓட்டும் வேனில் காசு கொடுத்துப் போய்வருவார். அதே மனிதர், ஞானஸ்நானம் பெற்ற பிறகு சபையை விட்டுப் போன சொந்தத் தம்பியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார். இந்த ஒதுக்கத்துக்கு அவர்கள் மொழியில் 'மைதுங்' என்று பெயர். மகன் வீட்டுக்கு வந்தால் தாய் என்ன செய்வாள்? இரண்டு மேசைகளுக்கு நடுவே சில விரற்கடை இடைவெளி விட்டுப் போட்டு, மேலே ஒரே விரிப்பை விரித்துவிடும் வீடுகள் உண்டு. பார்க்கிறவருக்கு ஒரே மேசை, விதிப்படி இரண்டு. அவன் கையிலிருந்து நேரே எதையும் வாங்கக்கூடாது என்பதால், அவன் பாத்திரத்தை மேசைமேல் வைக்க, இவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

ஞானஸ்நானம் பெறாமல் விலகியவனுக்கு இந்த ஒதுக்கம் கிடையாது என்பதையும் கவனியுங்கள். ஆமிஷ் பிள்ளைகள் பெரும்பாலும் 18 முதல் 22 வயதுக்குள் தாமாகக் கேட்டு ஞானஸ்நானம் பெறுகிறார்கள். மண்டியிட்டுச் சபைமுன் கொடுத்த வாக்கை முறித்ததற்குத்தான் தண்டனை. பிறப்பிலேயே வெளியாளாக இருப்பவர் எந்த வாக்கையும் முறிக்கவில்லை, அவரோடு அவர்களுக்கு வழக்கே இல்லை.

அடுத்தது பழைய நினைவு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இங்கே சூடுபட்டது பல தலைமுறைக்கு முன்பு, ஆனால் நினைவு மங்காமல் இருக்கும்படி வழிபாட்டையே அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1525-ல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் வளர்ந்தவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கத் தொடங்கியவர்களின் வழிவந்தவைதான் ஆமிஷ், மெனோனைட், ஹட்டரைட் என்ற மூன்று கிறிஸ்தவக் குழுக்களும். 1527 ஜனவரியில் அப்படித் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸ் என்பவரைக் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது நகர நிர்வாகம். அதே ஆண்டில் ஷ்லைட்ஹைம் என்ற ஊரில் கூடி எழுதிய அறிக்கையில்தான் 'உலகத்திலிருந்து பிரிந்திரு' என்பது கொள்கையாகவே வந்தது. உயிரைக் காக்கும் வழியாகத் தொடங்கியது, சில வருடங்களுக்குள் மதக்கடமையாகிவிட்டது. 1693-ல் ஆமிஷ் என்ற பெயருக்கே காரணமான யாக்கோப் அம்மான் தனிக்குழுவாகப் பிரிந்ததற்கு முக்கியக் காரணமே, விலக்கப்பட்டவரோடு சாப்பிடலாமா கூடாதா என்ற சண்டை. இன்றும் ஆமிஷ் வழிபாட்டில் பாடும் 'ஆவுஸ்புண்டு' பாட்டுநூலின் மையமே சிறையில் கிடந்தவர்கள் இயற்றிய பாட்டுகள்தான். ஒரு பாட்டை இருபது நிமிடம் இழுத்து இழுத்துப் பாடுவார்கள். அரசு என்றால் பிடித்துப்போகும் கை என்ற எண்ணம் புத்தகப் படிப்பால் வருவதில்லை, காதுவழியாகக் குழந்தையிலேயே ஏறிவிடுகிறது.

ரஷ்யாவின் பழைய விசுவாசிகளுக்கும் அப்படித்தான். ரஷ்யத் திருச்சபையின் பெருந்தலைவர் நீக்கோன் செய்த சடங்குமாற்றங்களை ஏற்காதவர்களை 1666-67 திருச்சபைப் பேரவை சபித்து ஒதுக்கியது. சிலுவை போட இரண்டு விரலா மூன்று விரலா என்பது வெளியிலிருந்து பார்த்தால் அற்பம். அதற்காக அவ்வாகும் என்ற குருவை 1682-ல் உயிரோடு எரித்தார்கள். 1716-ல் பீட்டர் மன்னர் போட்ட ஆணை, பழைய விசுவாசி என்று பதிவு செய்துகொண்டு இரட்டை வரி கட்டு என்றது. பதிவேட்டில் பெயர் ஏறினால் துன்பம் வரும் என்று ஒரு சமூகம் கற்றுக்கொண்டது இப்படித்தான். இன்றைக்கும் ஒதுங்கி வாழும் குழுக்களிடம் படிவத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டுகிற வெளியாள்தான் அதிகச் சந்தேகத்துக்கு ஆளாகிறார். பொருள் விற்க வந்தவரைக்கூட உட்காரச் சொல்வார்கள், கணக்கெடுக்க வந்தவரை வாசலிலேயே நிறுத்துவார்கள்.

பழைய விசுவாசிகளில் கண்டிப்பான பிரிவினர் வெளியாரோடு பாத்திரம் புழங்குவதில்லை. விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பார்கள், அதற்கென்று தனிக் குவளை இருக்கும். சைபீரியக் காட்டுக்குள் 1936-ல் போய் ஒளிந்த லீக்கவ் குடும்பத்தை 1978-ல் நிலவியலாளர்கள் கண்டபோது, வந்தவர்கள் நீட்டிய ரொட்டியையும் மற்றதையும் 'எங்களுக்கு இது கூடாது' என்று அந்தக் குடும்பம் தொடவில்லை. முதலில் வாங்கிக்கொண்டது உப்பை மட்டும். பசித்திருந்த குடும்பம் அது. எந்தப் பொருள் அடையாளத்தைத் தொடும், எது தொடாது என்று அவர்களுக்குள் ஒரு தெளிவான கணக்கு இருந்தது.

அந்தக் கணக்குதான் வெளியிலிருந்து வருகிறவருக்குத் தெரிய வேண்டியது. தொலைவிலிருந்து பார்த்தால் பெரிய சுவர் போலத் தெரியும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது வேலி, பல வாசல்கள் திறந்தே கிடக்கும். வியாபாரம் திறந்திருக்கும், கூலி வேலை திறந்திருக்கும், அண்டை வீட்டார் உதவி தாராளமாகத் திறந்திருக்கும். பூட்டியிருப்பவை பெரும்பாலும் நான்குதான்: கொள்வினை கொடுப்பினை, பிள்ளைகளின் படிப்பு, சாப்பாட்டுப் புழக்கம், மறைநூலும் சடங்கும். எந்தக் குழுவுக்கு எந்தப் பூட்டு கனமானது என்பது மாறும்.

கொள்வினை கொடுப்பினைதான் அநேகமாக எல்லாக் குழுவுக்கும் முதல் பூட்டு. துரூஸ் சமயம் 1017-ல் கெய்ரோவில் தொடங்கியது. 1043-ல் 'அழைப்பு முடிந்தது' என்று கதவைச் சாத்தினார்கள். அன்றிலிருந்து யாரையும் சேர்ப்பதில்லை, வெளியே மணப்பதையும் ஏற்பதில்லை. மறைநூல்களைச் சொந்தச் சமூகத்திலேயே 'உக்கால்' எனப்படும் தீட்சை பெற்றவர்கள் மட்டும்தான் படிக்கலாம். மற்றவர்கள் 'ஜுஹ்ஹால்', அறியாதவர்கள். ஆகவே ஒரு துரூஸ் இளைஞரிடம் போய் 'உங்கள் நூலில் என்ன இருக்கிறது' என்று கேட்பது பண்புக் குறைவு மட்டுமல்ல, பயனும் இல்லாதது. அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். என்னுடைய கணிப்பில், ஆள் சேர்க்காத கொள்கையே ஒரு பெரிய பாதுகாப்பு. பெரும்பான்மை மதத்திலிருந்து ஆளை இழுத்தால் தலை போகும் காலத்தில், நாங்கள் எவரையும் சேர்ப்பதில்லை என்று சொல்லும் சிறுகுழு ஓரளவு நிம்மதியாக இருக்க முடிந்தது.

வடக்கு இராக்கின் யசீதிகளும் பிறப்பால் மட்டுமே யசீதிகள். ஷேக், பீர், முரீத் என்ற மூன்று பிரிவுகளுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று மண உறவு கிடையாது. தங்கள்மீது நடந்த படுகொலைகளை 'ஃபர்மான்' என்று எண்ணிக்கையிட்டு நினைவில் வைத்திருக்கிறார்கள். 2014 ஆகஸ்ட் 3-ல் சிஞ்சாரில் ஐஎஸ் அமைப்பு நடத்தியதை 74-ஆவது என்கிறார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கடத்தப்பட்டு மதம் மாற்றப்பட்டார்கள். பழைய விதியின்படி அவர்கள் திரும்பிச் சேர முடியாது. ஆனால் தலைமைச் சமயகுரு பாபா ஷேக், அவர்கள் நம் பெண்கள், களங்கம் எதுவுமில்லை, ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார். யசீதிகளின் புனிதத் தலமான லாலிஷின் ஊற்றுநீரில் அவர்களுக்கு மறுபடி புனித நீராட்டு நடந்தது. பல நூற்றாண்டு விதி சில மாதத்தில் வளைந்தது. எதுவரை வளைந்தது என்பதும் முக்கியம். 2019 ஏப்ரலில் அவர்களுடைய உயர் ஆன்மிகப் பேரவை தப்பிப் பிழைத்தவர்கள் எல்லோரையும் ஏற்பதாக அறிவித்தபோது, வன்கொடுமையால் பிறந்த குழந்தைகளும் சேர்த்தி என்று வெளியுலகம் எடுத்துக்கொண்டது. சில நாளிலேயே, அந்தக் குழந்தைகள் இதில் அடங்கமாட்டார்கள் என்று விளக்கம் வந்தது. தாய்மார்கள் பிள்ளையா சமூகமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெண்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அந்தக் குழந்தையை முஸ்லிமாகவே பதியும் இராக் நாட்டுச் சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

இந்தப் பூட்டுக்கு விலையும் உண்டு. 1908-ல் பம்பாய் உயர் நீதிமன்றம், பார்சித் தந்தைக்கு அயல்தாயிடம் பிறந்து மதத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளையையும் பார்சியாகக் கொள்ளலாம் என்றது. பார்சித் தாய்க்கு அந்த இடம் கிடைக்கவில்லை. இந்தியக் கணக்கெடுப்பில் 2001-ல் 69,601 பேராக இருந்த பார்சிகள் 2011-ல் 57,264 பேர். தாமதத் திருமணமும் மணமாகாமையும் குடிபெயர்வும் இதற்கு முக்கியக் காரணங்கள் என்றாலும், மூடிய வாசல் அந்தச் சரிவை ஈடுகட்ட விடவில்லை. மாறாக, முதல் உலகப் போர் முடிந்தபோது 150 பேருக்கும் கீழே போயிருந்த, இஸ்ரேல்-பாலஸ்தீனப் பகுதியின் சிறு மதக் குழுவான சமாரியர்கள், தங்கள் சட்டத்தை ஏற்கும் வெளிப்பெண்களை மணக்க அனுமதித்து இன்று 800-ஐத் தாண்டிவிட்டார்கள்.

படிப்பு விஷயத்தில் ஆமிஷ் காட்டிய பிடிவாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. விஸ்கான்சினில் மூன்று தந்தையர், எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்ததற்காக ஆளுக்கு 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்டார்கள். 1972 மே 15-ல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. படிப்பையே வெறுக்கிறார்கள் என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. பதினான்கு வயதிலிருந்து பதினெட்டு வரை பிள்ளை யாரோடு நாளைக் கழிக்கிறது என்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. அந்த நான்கு வருடம் பண்ணையிலும் பட்டறையிலும் கழிந்தால் பிள்ளை தங்கும், ஊர்ப் பள்ளியில் கழிந்தால் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. எண்கள் அவர்கள் பக்கம்தான் இருக்கின்றன: பத்தில் எட்டுப் பேருக்குமேல் ஞானஸ்நானம் பெற்றுத் தங்குகிறார்கள், இன்று ஆமிஷ் மக்கள்தொகை 4 லட்சத்தை ஒட்டி நிற்கிறது.

இவ்வளவு கட்டுப்பாடு போட்டால் குழு உடைந்துவிடாதா என்று தோன்றலாம். ரிச்சர்ட் சோசிஸ் என்ற மானுடவியலாளர் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் 83 கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளை ஆராய்ந்து 2003-ல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி. மதக் குடியிருப்புகளில் உணவு, உடை, சொத்து என்று விதிகள் கூடக்கூட ஆயுளும் கூடியது; மதம் சாராத குடியிருப்புகளில் அப்படிக் கூடவில்லை. ஓசியில் பலனை மட்டும் அனுபவிக்க வருகிறவனைக் கடினமான விதிகள் வடிகட்டிவிடுகின்றன என்பதே இதற்கான விளக்கம். வெளியாளை உடனே நம்பாததும் அந்த வடிகட்டலின் ஒரு பகுதிதான்.

இனி பழகும் முறைக்கு வருவோம்.

போனவுடன் யாரிடம் பேசுகிறோம் என்பதே பாதி வெற்றி. இளைஞர்கள் கலகலப்பாகப் பேசுவார்கள், அவர்களிடமே தொடங்கிவிடலாம் என்று தோன்றும். அதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பிள்ளைகளைக் கலைக்க வந்தவர் என்ற பெயர் ஒரே வாரத்தில் பரவிவிடும். கடை, பட்டறை, பண்ணை என்று வெளியாரோடு தொழில் தொடர்புள்ள நடுவயதுக்காரர் ஒருவரிடம் முதலில் போங்கள். அவரைக் கொண்டு மூப்பரைப் பாருங்கள். ஒரு ஆமிஷ் சபை என்பது ஏறக்குறைய 20 முதல் 40 குடும்பம், அதற்கு ஒரு பிஷப், வழக்கமாக இரண்டு போதகர்கள், ஒரு டீக்கன் எனும் உதவி ஊழியர். 'ஓர்ட்நுங்' எனும் எழுதாத விதித்தொகுப்பு சபைக்குச் சபை மாறும். பக்கத்துச் சபையில் அனுமதித்தார்களே என்று இங்கே வாதாடினால் காரியம் கெடும். ஒரு சபையில் கேட்ட செய்தியை மற்றதில் சொல்வது அதைவிட மோசம். விலகிப்போனவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகவே கூடாது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

பதிலை அன்றைக்கே எதிர்பார்க்காதீர்கள். மருத்துவப் பணியாளர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். சிகிச்சைக்கு இப்போதே கையெழுத்து வேண்டும் என்று நெருக்கினால் மறுப்புத்தான் வரும். கணவன், பெற்றோர், மூப்பர் என்று பேசி முடிக்க நாளாகும். செலவை முதல் பேச்சிலேயே, மொத்தமாக, கூசாமல் சொல்லிவிடுங்கள். ஆமிஷ் பலருக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது, சபையார் பணம் சேர்த்துக் கட்டுவார்கள். ஆகவே தொகை தெரியாமல் முடிவு எடுக்க அவர்களால் முடியாது. ஆமிஷ் விதிகளில் தடுப்பூசிக்குத் தடை இல்லை, அதனால் மத வாதத்தோடு தொடங்க வேண்டிய தேவையும் இல்லை. நோய் பரவும் பாதையைத் தேடும்போது வரைபடத்தில் பக்கத்து ஊரைப் பார்ப்பதோடு உறவுக்காரர்களையும் பாருங்கள். 1978-ல் நெதர்லாந்தில் தடுப்பூசி மறுக்கும் சபைகளில் கிளம்பிய போலியோ, கனடாவில் உள்ள உறவுச் சபைகள் வழியாக 1979-ல் அமெரிக்க ஆமிஷ் மக்களை எட்டியது.

நம்பிக்கை எப்படிச் சேர்கிறது என்பதற்கு ஹோம்ஸ் மோர்ட்டன் என்ற குழந்தைநல மருத்துவர் நல்ல எடுத்துக்காட்டு. ஆமிஷ், மெனோனைட் குழந்தைகளுக்கு வரும் அரிய மரபணு நோய்களுக்காக அவர் 1989-ல் லான்காஸ்டர் வட்டாரத்தில் மருத்துவமனை தொடங்கினார். நோயாளியைத் தன்னிடம் வரச் சொல்வதற்கு முன்பு, அவரே வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பார்த்தார். கட்டணத்தைக் குறைவாக வைத்தார். கட்டடத்துக்கு மரச்சட்டம் எழுப்ப அந்த மக்களே வந்தார்கள். மெத்தை விரிப்பும் மரச்சாமானும் ஏலம் விட்டு இன்றும் நிதி சேர்த்துத் தருகிறார்கள்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. ஆமிஷ் பெரியவர்கள் முகம் தெரியப் படம் எடுப்பதை விரும்புவதில்லை, கைகளையோ குதிரையையோ எடுப்பதற்கும் கேட்டுவிட்டு எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் பேசாதீர்கள். தொலைபேசி வீட்டுக்குள் இருக்காது, வெளியே ஒரு சிறு கொட்டகையில் இருக்கும்; அதனால் கடிதமோ, குரல்பதிவில் தெளிவான ஒரு செய்தியோ போதும். லாலிஷ் தலத்துக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போக வேண்டும். பெண்களிடம் கேட்க வேண்டியதைப் பெண் ஒருவர் கேட்பதே எங்கும் நல்லது. ரகசியம் காப்பேன் என்று சொல்லிவிட்டு ஒரு வரி வெளியே விட்டாலும், அடுத்து வரும் பத்துப் பேருக்கும் சேர்த்து நீங்கள் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

ஒதுங்குவதை வெறுப்பு என்று சொல்லிவிட முடியாது என்பதை 2006 அக்டோபர் 2 காட்டியது. பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில் ஆமிஷ் பள்ளிக்குள் ஒருவன் புகுந்து சிறுமிகளைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். அன்றே ஆமிஷ் பெரியவர்கள் சுட்டவனுடைய குடும்பத்தைத் தேடிப்போய் ஆறுதல் சொன்னார்கள், அவனுடைய அடக்கத்துக்கும் வந்து நின்றார்கள். பத்து நாளில் அந்தப் பள்ளிக் கட்டடத்தை விடியுமுன் இடித்துப் புல் விதைத்தார்கள்.

ஆனால் அதே மன்னிப்பு உள்ளுக்குள் கொடுமைக்கும் வழிவிடுகிறது. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். வேலிக்குள் ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானால், குற்றவாளி சபைமுன் மண்டியிட்டு அறிக்கையிடுவான், பெரும்பாலும் ஆறு வாரம் விலக்கு, பிறகு மன்னிப்பு. மன்னித்ததை மறுபடி பேசக் கூடாது. பேசினால் பேசிய குழந்தைக்கு மன்னிக்கும் மனமில்லை என்ற பழி. அவனோ அதே வீட்டில் இருப்பான். இங்கே மரியாதை, பண்பாடு, பொறுமை என்று மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ஆசிரியர், மருத்துவர், செவிலியர் யாராக இருந்தாலும் சட்டப்படி உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும், மூப்பரிடம் கேட்டுக்கொண்டு அல்ல. நம்பிக்கை கெட்டுவிடுமே என்று தயங்குகிறவர்கள் உண்டு. கெடட்டும். குழந்தையை விடப் பெரிய உறவு எதுவும் அங்கே இல்லை.

பழைய மூடிய சமூகத்தையும் ஆபத்தான புதுக் குழுவையும் எப்படிப் பிரித்தறிவது என்றும் பலர் கேட்பார்கள். நான் பார்ப்பது மூன்றை. தலைவருக்கும் அதே விதி பொருந்துகிறதா? பணம் பக்கவாட்டில், தேவைப்பட்ட குடும்பத்துக்குப் போகிறதா, மேலே ஒருவர் கைக்குப் போகிறதா? வெளியேறுபவர் உயிரோடும் உடைமையோடும் வெளியேற முடியுமா? ஆமிஷ் பிஷப் மற்றவர்கள் போலவே உழுது பிழைக்கிறார், பாட்டுநூலுக்குள் வைத்த சீட்டு யாருக்கு விழுகிறதோ அவரே போதகராகிறார். ஹட்டரைட் குடியிருப்பில் சொத்து முழுதும் பொது. 150 பேரை நெருங்கினால் இரண்டாகப் பிரிந்துவிடுவதால் அதிகாரமும் ஓரிடத்தில் குவிவதில்லை. ஜிம் ஜோன்ஸ் என்பவர் தன் புதுக் குழுவுக்காகத் தென் அமெரிக்காவின் கயானாவில் அமைத்த ஜோன்ஸ்டவுன் குடியிருப்பில் மூன்று கேள்விக்கும் பதில் தலைகீழ். கலிஃபோர்னியாவிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோகப்பட்டவர்களின் கடவுச்சீட்டு தலைமையிடம் இருந்தது; 1978 நவம்பர் 18-ல் 900-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள், அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் குழந்தை.

விலகி வரும் ஒருவருக்கு உதவுகிறீர்கள் என்றால் முதலில் ஆவணம். பிறப்புச் சான்று இல்லாதவர்கள் உண்டு, ஆமிஷ் பிள்ளைகள் பலரிடம் அமெரிக்க அரசு ஒவ்வொருவருக்கும் தரும் சமூகப் பாதுகாப்பு எண்ணே இருக்காது. அது இல்லாமல் வேலை, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எதுவும் நகராது. அடுத்தது எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. பள்ளி இறுதிப் படிப்புக்குச் சமமான ஜிஇடி தேர்வுக்குப் பாடம் சொல்லித்தர ஒருவரைப் பிடியுங்கள். கடும் மரபுவழி யூதச் சமூகங்களிலிருந்து வருகிறவர்களுக்கு நியூயார்க்கில் 2003 முதல் ஃபுட்ஸ்டெப்ஸ் என்ற அமைப்பு இதையெல்லாம் செய்து தருகிறது. வந்தவரை உட்காரவைத்துத் தன் சமூகத்தைத் திட்டச் சொல்லாதீர்கள், நேர்காணலுக்கு இழுக்காதீர்கள். ஆமிஷ் வீட்டிலிருந்து ஞானஸ்நானத்துக்கு முன்பே வந்தவரா, பின்பு வந்தவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பே வந்தவர் என்றால் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வரலாம், பந்தியில் எல்லோரோடும் உட்காரலாம். போகச் சொல்லி ஊக்கப்படுத்துங்கள், வேண்டுமானால் வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்.